மூன்றாவது குழியின் மணல்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
எங்களை அழைத்துப்போகக் கப்பல் சனிக்கிழமை காலை வருகிறது. கப்பல் தலைவரே சற்றுமுன் ரேடியோவில் உறுதி சொன்னார். நாங்கள் தோண்டிய முதல் இரண்டு குழிகளில் வெறும் சரளை. மூன்றாவதில் மெல்லிய மணல் அடுக்கு கிடைத்தது. பனியாறு இந்தப் பள்ளத்தாக்கை விட்டு எப்போது பின்வாங்கியது என்று அந்த மணல் சொல்லும், வெளிச்சமே படாமல் எடுத்தால். பட்டால் அதற்குள் இருக்கும் காலக் கணக்கு அழிந்துவிடும். என் ஆய்வேடு அதை நம்பித்தான். ஆனால் இந்த வடதுருவக் கோடையில் சூரியன் இன்னும் இரண்டு வாரத்துக்கு மறையாது. கறுப்புத் தார்பாய்க்குள் புகுந்துதான் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7
போச்சு.
தார்பாய்க்குள் நான். வெளியே துப்பாக்கியோடு ஸ்வெர்ரே, கரடிக் காவலுக்கு. "மகாராணி உள்ள மண்ணு நோண்டுறாங்க, சேவகன் குளிர்ல நிக்கிறேன்" என்று பாட்டாகவே பாடினான். இரும்புக் குழாயை மணல் சுவரில் அடித்து இறக்கி, உருவி, ஒரு முனையை மூடிவிட்டேன். மறு மூடி கையில் இருந்தது. ஸ்வெர்ரே இழுத்ததில் தார்பாய் பறந்தது. வெளிச்சம். மணல் மடியில் கொட்டியது.
"ஹெர்டிஸ், படகுக்கு ஓடு!"
உள்ளங்கையால் குழாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். ரப்பர் படகில் ஏறித் திரும்பினால் மூடுபனிதான் தெரிந்தது.
"எங்கடா கரடி?"
"மேட்டுக்குப் பின்னால. ரெண்டு தடவை கத்தினேன், உனக்குக் கேக்கல."
நான் பார்க்கவில்லையே. வெள்ளைப் பாறையாக இருந்தால்? பாறையைப் பார்த்து ஓடின பயந்தாங்கொள்ளி என்று அவனிடம் சொல்லிவிட்டேன். எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் குடிசைக்கு வந்ததும் அவன் எனக்கும் சேர்த்து ரொட்டி வெட்டி வைத்தான். நான் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8
மூடுபனி. அவரவர் காப்பியை அவரவரே போட்டுக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9
மூடுபனி விலகியது. கரையிலிருந்து தள்ளிப் படகை நிறுத்தித் தொலைநோக்கியில் பார்த்தோம். தார்பாய் கந்தல். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கரடி படுத்திருந்தது.
"பாறை தலையைத் தூக்குது பாரு" என்றான்.
சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சுடுடா."
"சரி, காப்பி நீ போடு."
கரடி இருக்கும் கரையில் இறங்கக் கூடாது. நாளைக் காலை கப்பல். ஆக, இன்னொரு குழாய் மணல் கிடையாது. என் வழிகாட்டிப் பேராசிரியர் யூருனுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் சொன்னேன்.
"கரடி வர்றப்ப குழாயைத் தூக்கிட்டா ஓடின? பைத்தியமா உனக்கு?" திட்டி முடித்ததும், "அடியில இருக்கற மணல் வெளிச்சம் படாம தப்பிச்சிருக்கலாம். அப்படியே கட்டிக் கொண்டா."

ஆகஸ்ட் 10, சனி
கப்பலில். எடையை வைத்துப் பார்த்தால், குழாயில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மணல் மிச்சம்.
"அந்த மணலும் கெட்டுப்போயிருந்தா அடுத்த கோடையிலயும் வரணுமே. காவலுக்கு யாரு?" என்று கேட்டான் ஸ்வெர்ரே.
"நீதான்."
திரும்ப வர வேண்டியிருக்குமா என்று ஆய்வகம் நவம்பர் கடைசியில் சொல்லும்.