தக்காளித் தொட்டியில் புதைத்த மாத்திரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கு டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரைகளை அப்பா தக்காளித் தொட்டியில் புதைத்துவிட்டார். நேற்று நானே மண்ணைக் கிளறிப் பார்த்தேன். பாதி கரைந்து, ஈரச் சாக்பீஸ் மாதிரி விரலில் ஒட்டின.

வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து நீ பண்ணும் போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறார். அதனால்தான் காகிதம்.

மாடித் தக்காளிகள் அடிப்பக்கம் கறுத்து அழுகியபோது, மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை, முட்டை ஓட்டை அரைத்துப் போடுங்கள் என்று சொன்னது நீதான். அன்றிலிருந்து அது அண்ணியின் வேலை. ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலிக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் அப்பா திருப்பி அனுப்புவார். ஏழு மாத வயிற்றோடு மாடிப்படி ஏறி இறங்குகிறார்.

முட்டையை யார் சாப்பிடுகிறார்கள் என்று நீ கேட்டதே இல்லை. அப்பாவுக்கு ஒன்று. ஜிம்முக்குப் போகும் நம் தம்பி பயில்வானுக்கு மூன்று. அண்ணிக்கு ஓடு. அண்ணிக்குத் தினம் முட்டை கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால் பயில்வான், "எனக்கு புரோட்டீன் வேணும், என்ன வெளையாட்டா?" என்கிறான். அம்மா தட்டை விட்டுத் தலையைத் தூக்குவதில்லை.

முட்டை ஓட்டுப் பொடி டப்பா சீக்கிரம் காலியாகிறது என்று அப்பா கொஞ்ச நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எலியாக இருக்கும் என்றாள் அம்மா. புதன்கிழமை தையல் ஆலையில் கரண்ட் போனதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். துணி துவைக்கும் இடத்தில் அண்ணி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெள்ளை. பொடியை ஸ்பூனால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

டப்பாவைப் பிடுங்கினேன். "யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா. வேணும் வேணும்னு தோணுது, அடக்க முடியல" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நல்லவேளை, மாமா நைசா அரைக்கச் சொல்றாரு. தொண்டையில குத்தல" என்றார்.

மறுநாள் சுகாதார மையத்துக்குக் கூட்டிப் போனேன். உடம்பில் ரத்தமே இல்லை, ரத்த அழுத்தம் வேறு ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார் நர்ஸ். கொடுத்த மாத்திரையெல்லாம் எங்கே என்றும் கேட்டார். வாந்தி வந்ததால் அண்ணி சில நாள் நிறுத்திவைத்திருந்தாராம். அட்டைகளை ஜன்னலோரம் தேடினேன், இல்லை. அப்பாதான் சொன்னார்: "சும்மா கெடந்துச்சு. அவதான் முழுங்கலையே, செடிக்காவது ஆகட்டும்னு போட்டேன்." குரலில் கோபம்கூட இல்லை அண்ணா. ஊசிப்போன சோற்றைக் கொட்டியவர் பேசுகிற மாதிரி பேசினார்.

ஆஸ்பத்திரி என்றதும், "அடுப்படிய யாரு பாக்கறது? அவ புருஷன் சொல்லட்டும், அனுப்பறேன்" என்கிறார். நீ சொல். எல்லோர் காதிலும் விழும்படி சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை


அண்ணாவுக்கு,

உன் அறை நண்பர் லீவு முடிந்து இன்று கிளம்புகிறார். அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். கிடைக்கவில்லை என்று இந்த முறை சொல்ல முடியாது.

முதல் கடிதமும் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ தேவையில்லாமல் சிரித்தபோதே தெரிந்துகொண்டேன். காய் பழுத்ததா என்று கேட்டாய். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் உனக்குக் காட்டினார். தன்னிடம் போன் வரும் என்று அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். நீ வைத்துவிட்டாய்.

நேற்று காலை அவருக்கு முகமும் கையும் வீங்கிவிட்டன. கண் மங்குகிறது என்றார். நான் யாரையும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தேன். அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "மானத்த வாங்காதே" என்றார். பயில்வான்தான் அவரை ஒதுக்கிவிட்டு அண்ணியைத் தூக்கி வந்து வண்டியில் உட்கார வைத்தான். இத்தனை நாள் தின்ற முட்டைக்கு அதுதான் முதல் பயன்.

குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். இரண்டு உயிரில் எதற்கும் இப்போது உறுதி சொல்ல மாட்டாராம். நேற்றிலிருந்து உனக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். நீ எடுக்கவில்லை. "அவருக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும், தொந்தரவு பண்ணாதே" என்று உனக்காக என்னிடமே வாதாடுகிறார் அண்ணி.

கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். நீ நன்றாக இரு. அப்பாவிடம் பேச வேண்டாம், என்னிடமும் பேச வேண்டாம். அண்ணி போனைக் கையிலேயே வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிடு.