மொட்டு வராத படுக்கைகள்

சுருளிப்பட்டி
3.7.2024

அன்புள்ள மதினிக்கு,

பவானி எழுதுவது. என் போனை உங்கள் தம்பி பிடுங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம். நீங்கள் ஆய்வகத்திலிருந்து கொடுத்தனுப்பிய காளான் வித்தை இருநூறு வைக்கோல் படுக்கையில் போட்டோம். வெள்ளையாக அழகாகப் படர்ந்தது. முப்பத்தைந்து நாளாகியும் ஒரு மொட்டுகூட வரவில்லை. வீட்டு விலக்கான அன்று நான் காளான் குடிலுக்குள் போய்த் தண்ணீர் தெளித்தேன். அதனால்தான் என்கிறார். "தீட்டோட உள்ள போயி எல்லாத்தையும் மலடாக்கிட்டியேடி" என்று தெருவே கேட்கக் கத்துகிறார். அப்படி ஆகுமா மதினி? படித்தவர் நீங்கள். அவருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் பவானி

பெரியகுளம்
8.7.2024

அன்புள்ள பவானி,

கவலைப்படாதே. காற்றோட்டம் போதாமல் இருக்கும். மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கச் சொல். சின்ன வயதிலிருந்தே அவன் முன்கோபி, நீதான் அனுசரித்துப் போக வேண்டும். எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. அவனுக்குப் பிறகு எழுதுகிறேன்.

உமாதேவி

ஓடைப்பட்டி
1.8.2024

மதினிக்கு,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தேனா, விரட்டினாரா என்று கேட்காதீர்கள். படுக்கைகளை வாய்க்காலில் கொட்டிய அன்று என்னை அடித்துவிட்டார். அம்மாகூட, "நீ எதுக்குடி அங்கன போன?" என்றுதான் கேட்கிறாள். என்னால் இல்லை என்று சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.

பவானி

பெரியகுளம்
6.8.2024

பவானி,

உன்னால் இல்லை. என்னால்.

காளான் உதிர்க்கும் பொடியில் ஒவ்வொரு துகளும் ஒரு சிதல். அதற்குள் ஒரே வகை உட்கரு. அது தனியாகவே முளைத்து வெள்ளையாகப் படரும், ஆனால் மொட்டு விடாது. பொருத்தமான இன்னொன்றின் இழையோடு சேர வேண்டும். சேர்ந்தாலும் இரண்டு உட்கருக்களும் உடனே கலப்பதில்லை. இழையின் ஒரே அறைக்குள் சோடியாக இருந்து, காளான் விரிந்து புதுச் சிதல் உண்டாகும் நேரத்தில்தான் ஒன்றாகும். சோதனைக்காக ஒற்றைச் சிதலிலிருந்து வளர்த்த புட்டியை மாற்றி எடுத்து, அதிலிருந்து உங்களுக்கு வித்து தயாரித்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே, இங்கே மிச்சமிருந்த வித்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். இழைகளில் சோடி சேர்ந்த தடமே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்து மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது. இதைத் தம்பியிடம் காட்டு.

உமாதேவி

ஓடைப்பட்டி
15.8.2024

மதினிக்கு,

வரச் சொல்லிக் காட்டினேன். இங்கே வந்து, அம்மா முன்னால் சத்தமாக வாசித்தார். "அக்கா மேல தப்புதேன். இருந்தாலும் அன்னைக்கு நீ உள்ள போனது போனதுதான?" என்றார். தன்னோடு கிளம்பச் சொன்னார். நான் போகவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். வெட்கப்படுவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஜூலை எட்டாம் தேதியே இதை எழுதியிருந்தால் என் இடது காது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பவானி