கண்ணை மூடிப் பார்த்த துவக்கு

மொன்றியல், ஒக்டோபர் 2004

அன்புள்ள அக்கா,

மான் வேட்டைக்கென்று இவர் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஒரு பழைய செமி-ஓட்டோமற்றிக் துவக்கு பார்க்கப் போனார். பிரெஞ்சு கதைப்பதற்காக என்னையும் கூட்டிப்போனார். விற்பவர் அறுநூறு டொலர் என்றார். துவக்கைக் கையில் வாங்கியதும், இயக்கத்தில் நீங்கள் பழக்கிய மாதிரியே கண்ணை மூடிக் கழற்றிவிட்டேன். உள்ளே சுருள்வில் தளர்ந்திருந்தது. நானூறு என்றேன். மனிதர் மறுக்கவில்லை.

கண்ணைத் திறந்தால், இவர் துவக்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில், "இதெல்லாம் எங்க பழகினனீர்?" என்று கேட்டார். கலியாணமாகி ஒன்பது வருடம், முதல் தடவையாக.

"வன்னியிலை" என்றேன். பயமே வரவில்லை அக்கா, பெருமையாக இருந்தது.

"அப்ப, சுட்டும் இருக்கிறீரோ?"

"இல்லை. துவக்குப் பழுது பாக்கத்தான் என்னை விட்டவை."

அந்த ஒரு பொய்யை நீங்களும் காப்பாற்றுங்கள்.

அன்றும் இன்றும்
உங்கள் கெட்டிக்காரி