வாய்க்காலின் வாயில் ஒரு கொட்டில்

11.08.1992
சனசமூக நிலையக் கூட்டத்தில் முடிவாயிற்று. கொழும்புத்துறை வாய்க்காலை மூட விடுவதில்லை, தூர் வாருவது. எண்ணெய் ஆலை ஓடிய காலத்தில் கொப்பரை ஏற்றிய தோணிகள் ஆலை வாசல் வரை வந்த வாய்க்கால் இது. ஆலை பூட்டிய பிறகு மரத்தூள், குப்பை எல்லாம் அதற்குள்தான். மாரியில் வாய்க்கால் கரை லூர்த்தம்மா வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். செயலாளர் நான். செய்து காட்டலாம்.

14.08.1992
வாய்க்காலின் வாயை அடைத்து நிற்பது அண்ணையின் மரக்காலைக் கொட்டில். வாய்க்காலை மூடச் சொல்பவரும் அவர்தான்; மூடினால் அவருக்கு மரம் அடுக்க இடம். நேரே போய்ச் சொன்னேன்.

"அப்பா கட்டின கொட்டில். உடைக்கச் சொல்ல உனக்கு எப்பிடி மனம் வந்தது, குணம்?"

"அப்பா கட்டேக்கை தண்ணி ஓடினது அண்ணை. பிறகு நீங்கள்தானே வாய்க்காலுக்கு மேலை நீட்டிக் கட்டினனீங்கள்."

"அப்ப உடை. இனி என்னோடை கதையாதை."

15.08.1992
சொந்த அண்ணை! அழுதேனா? ஓம், கொஞ்சம். அதுக்காக விடேலுமே? போன மாரியிலை லூர்த்தம்மாவின்ரை பேத்தி வெள்ளத் தண்ணியாலை வந்த நெருப்புக்காய்ச்சலிலை செத்துப் பிழைச்சது.

06.09.1992
கொட்டில் இறங்கியது. அண்ணை வரவில்லை; ஆட்களை அனுப்பித் தகரங்களை மட்டும் கழற்றுவித்தார். ஒழுங்கை நிறைய மண்வெட்டிகள். மரத்தூளுக்குக் கீழே ஆலைக் கசடு, அதற்கும் கீழே பழைய கல்லுக்கட்டு — ஒரு கல்லும் அசையவில்லை. கை இன்னும் நாறுகிறது. சந்தோஷம்.

02.11.1992
ஓயாத மழை. குடையோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் கடலுக்கு விழுந்தடித்து ஓடுகிறது. லூர்த்தம்மா வாசலில் நின்று சிரித்தாள்: "பிள்ளை, அடுப்பு நனையேல்லை!"

அண்ணை வீட்டிலிருந்துதான் ஒரு சொல்லும் இல்லை.

19.01.1993
பொருளாதாரத் தடையால் டீசல் இல்லாமல் லொறிகள் ஓடி எவ்வளவோ காலம். அண்ணையின் மரக்காலை வெறுமையாய்க் கிடக்கிறதாம். மனம் கேட்கவில்லை. ஆனால் நான் செய்தது சரி.

08.03.1993
பின்னேரம் முற்றத்தில் அண்ணை! தென்மராட்சியிலிருந்து தோணியில் பனங்குத்தி எடுப்பித்திருக்கிறார். வாய்க்காலால் ஏறி வந்த தோணி, றோட்டுக்கு அங்காலை இருக்கும் மரக்காலைக்குப் போக முடியாமல் றோட்டு மதகில் தட்டி நிற்கிறதாம்.

"உங்கடை கொமிற்றியிட்டைச் சொல்லு. அந்த மதகு சரியான பதிவு, தோணி நுழையேலாது. உயர்த்திக் கட்டவேணும்."

"கூட்டத்துக்கு வந்து நீங்களே கதையுங்கோ அண்ணை. வாய்க்காலை மூடச் சொன்ன ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும், வடிவாய்க் கேட்பினம்."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாறன், வாறன். முதல் தேத்தண்ணியைப் போடு."

சீனி இல்லை. பனங்கட்டியோடு கொடுத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.