அப்பா நட்டது மஞ்சள் இல்லை

மரியே வாழ்க

கிள்ளான், மலேசியா, ஏப்ரல் 20

என் மகள் ஜானிஸுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் எனக்கு மூச்சு ஓடுகிறது, கால் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று மறைக்காமல் எழுது. போனில் நல்லா இருக்கேன்மா என்கிறாய், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதையும் போனில் சொல்லலாமே என்பாய். இந்த பிளாட் சுவர் அட்டை மாதிரி, நான் பேசினால் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவுக்கு அப்படியே கேட்கும்.

விஷயம் அந்தத் தொட்டிதான். அப்பா இறப்பதற்கு முந்தின மாதம் ஒரு கிழங்கு வாங்கிவந்து வாசல் தொட்டியில் நட்டாரே, என்ன செடி என்று கேட்டால் பூக்கும்போது பாரு ரோசி என்று சிரித்தாரே, அது. இலை மஞ்சள் இலை போலவே வந்தது, மஞ்சளை நட்டுவிட்டு என்னை ஏய்க்கிறார் என்று நினைத்தேன். அவர் போன பிறகு அவர் கை பட்டதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்று தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். பொங்கலுக்கு முன்னால் வள்ளியம்மா வந்து, அக்கா, பானையில கட்ட ஒரு மஞ்சக் கொத்து குடுங்களேன் என்றாள். பாசாரில் வாங்கிக்கோ என்று சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிப் போனாள். பத்து நாள் ஆகவில்லை, இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்துவிட்டது. நீயே சொல், எனக்கு என்ன தோன்றும்? லிப்ட் முன்னால் நாலு பேர் பார்க்க, என் புருஷன் செடிக்குச் சுடுதண்ணி ஊத்தினியா என்று கேட்டேவிட்டேன். அவள் சும்மா இருப்பாளா, ரெண்டு வேளை தண்ணிய ஊத்தி நீங்களே அழுக வச்சிட்டு என்னைச் சொல்றீங்களா லா, உங்க மஞ்சள் இல்லாமலே என் பானை பொங்கிருச்சு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கிழங்கைக் கிள்ளினால் உள்ளே வெள்ளை, மஞ்சள் வாசமே இல்லை, அடியில் சின்னச் சின்ன உருண்டைகள் காம்போடு தொங்கின. மஞ்சளைத் திருடிக்கொண்டு வேறு எதையோ புதைத்துவிட்டாள், சூனியமோ என்றுகூடப் பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன். பாதரிடம் சொல்லிவிடாதே. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு பஸ் ஏறி, பந்திங் ரோட்டில் அப்பா வழக்கமாகச் செடி வாங்கும் திருச்செல்வம் கடைக்குப் போனேன். அவன் பார்த்ததும் சிரிக்கிறான். ஆன்டி, இது மஞ்சள் இல்ல, சயாம் டுலிப், மஞ்சளுக்குச் சொந்தம், ஊதாவும் ரோஸுமா பூக்கும், இலை விழுந்தா தூங்குதுன்னு அர்த்தம், இந்த நேரத்துல தண்ணி ஊத்துனா அழுகிடும், முளை வர்ற வரைக்கும் தொடாதீங்க என்றான். அங்கிள்தான் வாங்கினாரு, ஆன்டிகிட்ட பேரைச் சொல்லாதே, பூத்ததும் பாக்கட்டும்னாரு என்றும் சொன்னான். வியாபாரம் செய்கிறவன், எனக்கு இதமாக இருக்கட்டும் என்று சொன்னானோ என்னவோ. பாதி நம்பினேன். திரும்ப நட்டு, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். அவருக்குச் சோறு போடாமல் இருப்பது போல இருந்தது.

போன புதன்கிழமை மூன்று முளை வந்திருக்கிறது ஜானிஸ். வள்ளியம்மா சொன்னதுதான் சரி, கொல்லப் பார்த்தது நான்தான். அப்பா செத்த அன்று இராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். இப்போது என் போனை எடுப்பதில்லை, வாசலில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

மாதா உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. இதை மட்டும் மறக்காமல் செய், நீ கூப்பிட்டால் அவள் எடுப்பாள். செடி முளைத்துவிட்டது என்று சொல், அம்மா லிப்ட் முன்னால் பேசியது தப்பு என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்றே சொல். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா
ரோசலின் ரபேல்