ஜெசிந்தா பிழைத்துக்கொண்டாள், மைனி

அன்பும் வாயும் ஒருசேர வாய்த்த என் ஸ்டெல்லா மைனிக்கு,

போன வெள்ளிக்கிழமையோடு நம் சீரியல் முடிந்துவிட்டது. 'நம்' என்றுதான் எழுத வருகிறது. எழுதியவள் நானென்றாலும் அதோடு சண்டை போட்டு, சமாதானமாகி, குடும்பம் நடத்தியவர் நீங்கள். மூன்று வருடம் ஓடியதில் பின்பாதி முழுக்க நீங்கள் இல்லாமல் ஓடியது. அந்தப் பாதியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே! இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஊரே படிக்கட்டும். நீங்கள் என்றைக்கு ரகசியமாகப் பேசினீர்கள்?

என் அண்ணன் கபிரியேலைக் கட்டிக்கொண்டு தருவைகுளத்திலிருந்து எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான். வீட்டில் நீங்களும் நானும், பிறகு உங்கள் மகள் ஷைனியும். நான் கல்யாணம் வேண்டாமென்று நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் யாராவது அதைப் பற்றி இழுத்தால் நீங்கள் முந்திக்கொள்வீர்கள்: "அவ எழுதுதா. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

எழுதியதைப் படித்தீர்களா என்றால், அது வேறு கதை. என் மூன்றாவது நாவலைக் குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து விரித்தீர்கள். சாளை மீன் வெந்து முடிவதற்குள் மூடிவிட்டீர்கள்.

"ஏளா பிலோமி, இதுல மழை பெய்ய ஆரம்பிச்சு பத்துப் பக்கம் ஆச்சு. கொடியில கெடக்க துணிய இன்னும் ஒருத்தியும் எடுக்கலையே?"

"நாவல்னா அப்படித்தான் மைனி. அது மனசுக்குள்ள பெய்ற மழை."

"அப்ப நனையட்டும்" என்று எழுந்து போய்விட்டீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை நான். நீங்கள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அதே நாவலைப் படித்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து இயக்குநர் ராஜாராம் கூப்பிட்டார். அதில் வரும் மூன்று அக்கா தங்கைகளை வைத்து தினசரித் தொடர் எடுக்கலாமா, நானே எழுதுவேனா என்று கேட்டார். என் எழுத்துக்கார நண்பர்கள் முகம் சுளித்தார்கள். "சீரியலா? கண்ணீர் பிழியிற வேலைல்லா அது" என்றார் ஒருவர். எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். நீங்கள் மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சேசுவே, இதுல நெனைக்க என்ன கெடக்கு? போயி எழுது. நானும் ஒன் கதை என்னன்னு தெரிஞ்சிக்கிடுவேம்லா."

அப்படித்தான் நான் சென்னைக்குப் போனேன். கதையில், அப்பா விட்டுப்போன கருவாட்டு மண்டியை நடத்தும் மூன்று சகோதரிகள். நாவலில் நடுவுள்ளவள் ஜெசிந்தா வாயே திறக்க மாட்டாள். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பாள். டிவியில் ஒருத்தி தினமும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். அவளைப் பேசவைக்க வேண்டும். பேசவைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள், "பாடத் தெரியுமாம்மா?" என்று கேட்டதும் ஜெசிந்தா சொன்னாள்: "தெரியும். நீங்க எந்திரிச்சுப் போறதுக்கு எந்தப் பாட்டு வேணும்?"

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் அது யார் குரல் என்று எனக்கே புரிந்தது.

உங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. விளம்பர இடைவேளையில் போன் வந்தது. "இவ வாய் பெரிசா இருக்கே, யாரப் பாத்து எழுதுன?" சும்மா ஒரு கற்பனை என்று இழுத்தேன். "சரி, எழுதுனது எழுதுன. அந்தச் சேலைய மாத்தச் சொல்லு. நான் அப்படி உடுத்துவனா?" மறுவாரம் ஜெசிந்தாவுக்குப் புதுச் சேலை வந்தது. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் என்ன காரணம் சொல்லி வாங்கினேன் என்பது இப்போதும் ரகசியம்.

அதிலிருந்து ஒவ்வொரு இடைவேளையிலும் போன். ஏழரை மணிக்கு நான் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் எடுத்தாக வேண்டும். "மூத்தவ ஏன் இன்னிக்கு இம்புட்டு அழுதா? தலவலிக்கி." "அந்த மாமன்காரன நம்பாதன்னு அவகிட்ட சொல்லு." விளம்பரம் முடிகிற சத்தம் கேட்டதும் பாதி வார்த்தையில் வைத்துவிடுவீர்கள். நாவல் எழுதிய இத்தனை வருடத்தில் யாரும் என் கதாபாத்திரத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பியதில்லை, மைனி. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களிடம் சொன்னேனா?

அப்புறம் ஒரு காலையில், கோயிலில் பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஷைனி போன் செய்தாள். இருதயம் என்றார்கள். அண்ணன் பிரேசில் பக்கத்தில் ஒரு துறைமுகத்திலிருந்து எத்தனையோ விமானம் மாறி வந்து சேர்ந்தார். அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நீங்களே தாங்கமாட்டீர்கள், அவ்வளவு அமைதியாக இருந்தது வீடு.

அண்ணன் திரும்பக் கப்பலுக்குக் கிளம்புகிற நாளில் ஷைனியிடம் தன் போனைக் கொடுத்து, "அம்ம பாத்த அந்த நாடகத்த இதுல போட்டுத் தா" என்றார். அதுவரை ஒரு எபிசோடுகூடப் பார்த்தவரில்லை. அவள் செயலியை இறக்கி, முதலிலிருந்து ஒரு குவியலைப் பதிந்து கொடுத்தாள். நடுக்கடலில் நெட் கிடைக்காது. துறைமுகம் வரும்போது அடுத்த குவியலைப் பதிந்துகொள்வார்.

இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். "ஏளா, இந்த ஜெசிந்தா பேசுதது நம்ம ஸ்டெல்லா மாதிரியே இருக்கே?"

"அவங்கதாண்ணே."

"நான் ஊர்ல இல்லாதப்ப இப்படியெல்லாமா பேசுவா?"

"இதவிட மோசமாப் பேசுவாங்க. டிவில போட முடியாது."

சிரித்தாரா என்று தெரியவில்லை. "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பாக்கேன். தீந்துறக் கூடாதுல்லா" என்றார். வைக்கப் போகிறவர் மறுபடியும் கேட்டார்: "அவளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா, பிலோமி?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே சேனலில் கூப்பிட்டார்கள். நிவேதா என்று ஒரு பெண். தொடர்களெல்லாம் அவள் பொறுப்பு. கெட்டவள் இல்லை, மைனி. அவள் தலைக்கு மேலேயும் ஆட்கள். "மேடம், ஏழரை மணிக்கு உட்கார்ந்து பார்க்கிற ஜனம் குறைஞ்சுட்டே போகுது. எல்லாரும் போன்ல, அவங்கவங்க நேரத்துக்குப் பார்க்கிறாங்க. டிவிக்கு ஆள் திரும்பணும்னா ஒரு சாவு வைங்க. சாவு வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க."

"யாரு சாகணும்?"

"ஜெசிந்தா."

வெள்ளிக்கிழமை துறைமுகச் சாலையில் லாரி மோதி ஆஸ்பத்திரி, திங்கட்கிழமை மரணம் என்று முடிவானது. விபத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மரணத்தை எழுத உட்கார்ந்தேன். உறவெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று அழுகிறது என்பது வரை பேனா ஓடியது. அதற்கு மேல் அவள் கண்ணை மூட மறுத்தாள். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்து, "யாரு செத்தா?" என்று கேட்டாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். "எனக்கா இம்புட்டுக் கூட்டம்? அப்ப அடுப்புல கெடக்க கொழம்ப யாரு பாக்கா?"

அதையே அனுப்பிவிட்டேன்.

ராஜாராம் உடனே கூப்பிட்டார். "மேடம், சாகச் சொன்னோம். எந்திரிச்சு உட்கார்ந்திருக்காங்க!"

"சார், எங்க மைனி போயி வருஷம்கூடத் திரும்பல. இன்னொரு தடவ என்னால முடியாது. வேற யாரையாவது வச்சு எழுதிக்கிடுங்க, நான் ஊருக்குப் போறேன்."

அவர் போனை வைத்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துத் துணிமணியை எடுத்துவைக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். எழுதியதை அப்படியே படமாக்கிவிட்டாராம். அழ வேண்டியவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று முறை திரும்ப எடுத்தார்களாம். நிவேதா பார்த்துவிட்டு, "ரெண்டு வாரம் பார்ப்போம். ரேட்டிங் ஏறலைன்னா மறுபடி லாரிதான்" என்றாளாம்.

டிவியில் ஏறவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. நான் ஊருக்கு வந்திருந்த ஒரு நாள், திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இறால் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் போன். "யாரு செத்தா?" என்று ஜெசிந்தாவின் குரல் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வரியைப் போன் சொல்வதற்கு முன்பே மற்றவள் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் தோளில் தோள் முட்டிச் சிரித்தார்கள்.

"இது எந்த சேனல்ல வருது?" என்று மெல்லக் கேட்டேன்.

"சேனலா? போன்ல வருதுக்கா. இந்தப் பொம்பள சூப்பராப் பேசும். நீங்க பாக்கலையா? அனுப்பவா?"

அது ஒரு சீரியல் என்பதே அவர்களுக்குத் தெரியாது. யாரோ வெட்டிப் போட்ட ஒரு நிமிடத் துண்டு அது. பெண் பார்க்க வந்தவர்களை விரட்டியது, பஞ்சாயத்துக்கு வந்த மாமனின் வாயை அடைத்தது என்று பழையவையும் துண்டுதுண்டாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. போனைக் கண்டாலே எனக்கு எரிச்சல், உங்களுக்குத் தெரியுமே. நான் பார்த்துப் பார்த்து எழுதிய அழுகையை வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடுகிறார்கள் என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போனைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது.

இரண்டு வாரம் முடிவதற்குள் நிவேதாவே கூப்பிட்டாள். "போன்ல எங்கே பார்த்தாலும் இவங்கதான் மேடம். இப்போ இவங்களைக் கொன்னா, ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்க." ஜெசிந்தா பிழைத்தாள். கட்டுப் போட்ட காலோடு மண்டிக்குத் திரும்பினாள். சீரியல் நேரத்தை மதியத்துக்கு மாற்றினார்கள். அதனால் யாரும் கவலைப்படவில்லை, எந்நேரமும் போனில் கிடைக்கிறது.

இதில் மாட்டிக்கொண்டது நம் தெருதான். சீரியலுக்காக, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை எட்டரைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நீங்கள் சண்டை போட்டீர்களே, பங்குச் சாமியார் அதைப் பழையபடி ஏழரைக்குக் கொண்டுவந்துவிட்டார். "இப்பதான் எப்ப வேணும்னாலும் பாக்கலாமே, எல்லாரும் ஜெபத்துக்கு வாங்க" என்கிறார். எல்லாரும் முனகிக்கொண்டே போகிறோம். நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

எனக்கு இப்போது புது வேலை வந்திருக்கிறது. ஒரு செயலிக்குத் தொடர். எட்டே எட்டு எபிசோடு, எல்லாம் ஒரே நாளில் வெளியாகும். இடையில் விளம்பரமே கிடையாது. கேட்டதும் முதலில் தோன்றியது, அப்படியானால் மைனி எப்போது போன் செய்வார்கள் என்பதுதான். சரி என்று சொல்லியிருக்கிறேன். நாவலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எல்லாரும் ஓயாமல் பேசுகிறார்கள், பதிப்பாளர் பயந்துபோயிருக்கிறார்.

அண்ணன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நானும் வீட்டோடு வந்துவிட்டேன். ஷைனி போனிலிருந்து டிவிக்குப் போட்டுக் கொடுக்கிறாள். அண்ணனுக்கு இன்னும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். யாராவது துண்டு வீடியோ அனுப்பினால் திறக்கவே மாட்டார், வரிசை கெட்டுப்போகுமாம். ஊரே முடிவைப் பார்த்துவிட்டது, அவர் பாதியில் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து உட்கார்ந்தோம். லாரி வந்தது. ஜெசிந்தா விழுந்தாள். எபிசோடு முடிந்து திரை கறுத்ததும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஷைனி தயங்கி, "அப்பா, அடுத்ததும் போடவா?" என்றாள்.

"போடு" என்றார். முதல்முறையாக ஒரே நாளில் இரண்டாவது.

"யாரு செத்தா?" என்று ஜெசிந்தா கேட்டபோது அண்ணன் சிரித்தார், மைனி. வாய்விட்டு, கண்ணில் நீர் வருமளவுக்கு, பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்க்கிற மாதிரி. நீங்கள் போன பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட முதல் பெரிய சத்தம் அதுதான். "திரும்பப் போடு பிள்ள" என்றார். நாலு தடவை பார்த்தோம்.

இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் வரும் அவருக்கு. ஆனாலும் ஒரு நாள் தீர்ந்துபோகும். ஜெசிந்தா பேசி முடித்துவிடுவாள். அன்றைக்கு நான் சென்னையில் இருக்க மாட்டேன். அவர் பக்கத்தில் இருப்பேன். டிவியை அணைத்துவிட்டு, அவர் கடலில் இருந்த மாதங்களில் இந்த வீட்டில் நீங்கள் பேசியதையெல்லாம், டிவியில் போட முடியாததையும் சேர்த்து, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்வேன். உங்கள் குரலில், உங்கள் சத்தத்தில். ஒரு நாளைக்கு ஒன்றுதான் சொல்வேன்.

உங்கள் வாயை எடுத்துப் பிழைக்கும் நாத்தனார்,
பிலோமி
தூத்துக்குடி