ஈரம் படக்கூடாத தாள்

அக்டோபர் 7, திங்கள். தேரா, துபாய்
பன்னிரண்டு சீனப் படங்கள் சட்டம் போட வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பூ, இரண்டு மூன்று பூச்சிகள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காகவே சீனாக்காரர்கள் வரைந்தார்களாம். காகிதம் இல்லை, தண்டுக்குள் இருக்கும் நெட்டியைச் சீவிய தாள். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவோமே, அதே வெள்ளை.
"கார்மேகம், ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் உப்பிக்கும். அப்புறம் கலாஸ்" என்றார் முதலாளி ராஜிக் பாய்.
சரி என்றேன்.

அக்டோபர் 8
ஊரில் என் பாப்பா போய் நாற்பத்தைந்து நாள். இன்னும் அழுகை வரவில்லை.

அக்டோபர் 10
மூன்றாவது படத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. கையை வீசி விரட்டினேன். போகவில்லை. வரைந்த ஈ! பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி
நாகவள்ளி இன்றும் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? காய்ச்சலில் போன பிள்ளையை அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது, போக முடியவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், "இப்பவாவது வாங்க" என்றாள். "இனி வந்து என்னடி பண்ணப் போறேன்?" என்றேன். என் வாயில கொள்ளியை வைக்க! பெத்தவ கிட்ட பேசுற பேச்சா இது? அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை.

அக்டோபர் 15
எட்டாவது படம். ஊதாப் பூ, மேலே மஞ்சள் பட்டாம்பூச்சி. கொம்பு இரண்டும் மயிரிழை.
பாப்பா வீடியோவில் கேட்டாளே — "அப்பா, துபாய்ல பட்டாம்பூச்சி இருக்கா?" "மாஃபிடா கண்ணு, ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மணலு" என்றேன். சோறு வேண்டாம் என்பதற்கும் மாஃபி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பதற்கும் மாஃபி என்று ஒரு வாரம் சொல்லித் திரிந்தாளாம். அவளுக்காக ஒரு நாள் பூங்காவில் போய்த் தேடியிருக்கலாம். போகவில்லை.
படத்தைப் போனில் எடுத்து நாகவள்ளிக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 16
பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி
பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடைசிப் படம். ஓரத்துப் பட்டு நாடாவில் மட்டும் பசை தொட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நாகவள்ளி! கை பசையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.
மின்விசிறிச் சத்தம் அங்கேயிருந்து கேட்டது.
"சாப்பிட்டீங்களா?" என்றாள்.
படத்தை இரண்டு கையாலும் மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.